மாமியார்புருவமும் மற்ற பதின்மூன்று வளைவுகளும்

19 ஜனவரி, சனி

மேலநெடுங்கரை போய் கொத்தனார் உடையப்பனைப் பார்த்து வந்தேன். வளைவு கட்டுவதில் அந்த வட்டாரத்திலேயே பெரிய கை. இரண்டு மணி நேரம் பேசினோம். அருமையான சொற்கள். குறித்த நோட்டை எங்கோ விட்டுவிட்டேன், பஸ்ஸிலாக இருக்கும். பாதகமில்லை, எல்லாம் மனசில் இருக்கிறது.

சாயங்காலம் ரேஷன் கடை. பாமாயில் இல்லை.

2 பிப்ரவரி, சனி

இந்த வருடம் டைரியை ஒழுங்காக எழுதுவதாக இன்பவல்லியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் படிக்க மாட்டாள். கூட்டுறவு வங்கியில் நாள் முழுக்க மற்றவர் கையெழுத்தைப் பார்த்துச் சலித்தவள். ஆகவே தைரியமாக எழுதலாம்.

பேராசிரியர் ஞானப்பிரகாசம் ஓய்வு பெற்றதிலிருந்து சும்மா இருக்க முடியாமல் கட்டடச் சொல்லகராதி ஒன்று தொகுக்கிறார். கொத்தனார்கள், ஆசாரிகள் வாயிலிருந்து நேரடியாகக் கேட்டுத் திரட்டிய சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே சொன்னவர் பெயர், ஊர். அதுதான் அகராதியின் சிறப்பு என்கிறார். கதவு நிலை ஒருவருக்கு, கூரை ஒருவருக்கு என்று பங்கு பிரித்தபோது எனக்கு வளைந்தவை எல்லாம் வந்தன. "யோவ் திருமேனி, நேரா இருக்கிற எதையும் உன்கிட்ட குடுக்க முடியாது" என்றார். இருபது வருடம் வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பத்தி எழுதியவனுக்கு ஊரில் இருக்கிற மரியாதை இது.

வேலை மோசமில்லை. கோயில் மண்டபத்தின் ஓரத்தில் வெளியே நீண்டு வளைந்து இறங்கும் கல்லுக்குக் கொடுங்கை. சாமிக்குப் பின்னால் சுற்றி நிற்பது திருவாசி. தர்காவின் தலையில் கும்மட்டம். மாட்டுவண்டியின் மேல் கூண்டு. பாலத்தின் அடியில் தண்ணீர் போகும் ஒவ்வொரு வளைவும் ஒரு கண். பாலத்துக்குக் கண் என்று பெயர் வைத்தவன் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவன். பழைய வீட்டுக்காரர்கள் கமான் என்பார்கள். ஆனால் மதுரையில் யாரிடம் வழி கேட்டாலும் கிடைக்கும் ஒரே சொல், "நேராப் போங்கண்ணே, ஆர்ச்சு வரும்." ஆர்ச் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால் பேராசிரியர் என்னையே வளைத்துவிடுவார்.

அதனால் இன்று உட்கார்ந்து உடையப்பன் சொன்னவற்றை அட்டைகளில் எழுதினேன். பதினான்கு. சிலவற்றை இங்கேயும் குறிக்கிறேன்.

மாமியார்புருவம்: நடுவில் கூராக ஏறி நிற்கும் வளைவு. மருமகள் வைத்த குழம்பை மாமியார் ருசி பார்க்கும் கணத்தில் ஏறுவது போன்றது.

பூனைச்சோம்பல்: நீண்டு, தாழ்ந்து, அவசரமே இல்லாத வளைவு.

தூக்குச்சட்டிக்காது: மேலே அகன்று கால்பக்கம் உள்ளே ஒடுங்குவது.

பந்திக்குனிவு: ஆள் குனிந்து நுழைய வேண்டிய தாழ்ந்த வளைவு. பரிமாறுகிறவன் முதுகு.

மாப்பிள்ளைமுறுக்கு: சின்னச் சின்ன வளைவாக நெளிந்து நெளிந்து போவது.

கொத்தனாருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

9 பிப்ரவரி, சனி

பேராசிரியர் போனிலேயே துள்ளினார். "மாமியார்புருவம்! எந்தப் புலவனுக்குய்யா இது வாய்க்கும்? படிக்காத மனுசன்யா!" அடக்கமாக, "சொன்னவருக்குத்தான் சார் பெருமை" என்றேன்.

பல் வலி.

23 மார்ச், சனி

உடையப்பன் இறந்துவிட்டாராம். பேராசிரியர் சொன்னார். அட்டைகள் பதினான்கிலும் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று சேர்த்துவிட்டு வந்தேன். கேட்டதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம். அகராதி அச்சாகிவிட்டது, விஜயதசமியன்று வெளியீடு. கட்டுரை முழுக்க மாமியார்புருவமும் பூனைச்சோம்பலும்தான். 'மறைந்த உடையப்பன் என்ற எளிய கொத்தனாரின் கவி மனம்' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். என் பெயர் கடைசி வரியில், 'திரட்டியவர்' என்று. எதிர்வீட்டு டாக்டர் வெளியே வந்து கைகொடுத்தார். வாங்கிக்கொண்டேன். கை ஈரமாக இருந்தது. என் கைதான்.

இன்பவல்லி படித்துவிட்டு, "இந்த மாமியார் கதையெல்லாம் கேட்டா உங்க எழுத்து மாதிரியே இருக்கே" என்றாள்.

"நான்தானே எழுதிக் குடுத்தேன்."

"ம்."

அந்த 'ம்' பூனைச்சோம்பல் வகையைச் சேர்ந்தது. நீளம் அதிகம்.

4 செப்டம்பர், புதன்

காலையில் தெரியாத எண்ணிலிருந்து போன்.

"சார், நான் மேலநெடுங்கரை மீனாள் பேசுறேன். கொத்தனாரு வீட்டுக்காரி. உங்க நோட்டு எங்க வீட்ல கெடந்துச்சுல்ல, அதுல இந்த நம்பரு இருந்துச்சு."

நோட்டு பஸ்ஸில் போகவில்லை.

"எம்மக பேப்பர வாசிச்சுக் காமிச்சா சார். உங்களை ஒரு எட்டு பாக்கணும். ஞாயித்துக்கெழம வரலாங்களா?"

வாருங்கள் என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த நோட்டின் முதல் பக்கத்தில் என் பெயர், போன் நம்பர், 'கொத்தனார் உடையப்பன், வளைவுச் சொற்கள்' என்று அடிக்கோடு போட்ட தலைப்பு. அதன் கீழே 1 என்று எண் போட்டு ஒரு புள்ளி. அவ்வளவுதான் இருக்கும்.

8 செப்டம்பர், ஞாயிறு

வந்தார். நாற்பத்தெட்டு, ஐம்பது வயது இருக்கும். உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு வெடிப்பு. முப்பது வருடம் புருஷனுக்குச் சித்தாளாக நின்றவர். கீழேயிருந்து செங்கல்லும் சாந்தும் எடுத்துக் கொடுத்தவர். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். இன்பவல்லி காப்பி கொண்டு வந்தாள்.

"பேப்பர்ல வந்ததெல்லாம் அவுக சொன்னதா சார்?"

"ஆமாம்மா."

"நோட்டுல ஒண்ணும் இல்லைங்களே?"

"மனசில வச்சுக்கிட்டேன்."

"மாமியாரு புருவமுன்னு அவுகளா சொன்னாக? பூனை, கீனைன்னு? எனக்கு ஒரு நாளு ஒரு வேடிக்கை பேசுனதில்ல சார். முப்பது வருசத்துல."

நான் சிரித்தேன். எனக்கு வேறு எதுவும் வராத நேரத்தில் அது தானாக வந்துவிடும்.

"நான் கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள எப்படி சார் அம்புட்டும் பேசுனாக? அவுகளுக்குத்தான் அப்ப அஞ்சு மாசமாப் பேச்சே இல்லையே. நான் உங்ககிட்ட வாசல்லயே சொன்னேனே."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். திறந்த வாய்க்குள்ளிருந்து இரண்டாவது பொய் வந்தது. "குழறிக் குழறித்தாம்மா பேசினாரு. ஆனா பேசினாரு. எனக்குப் புரிஞ்சது."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். முக்கால்வாசி.

அவர் முகம் எப்படிப் போயிற்று என்பதை வர்ணிக்க என்னிடம் சொல் இல்லை. பதினான்கு சொல் கையிருப்பில் வைத்திருப்பவன் நான். "அப்பப் பேச வந்திருக்கு" என்றார். காப்பியைக் குடிக்கவில்லை. டம்ளரைத் தானே கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். உள்ளே இன்பவல்லியோடு கொஞ்ச நேரம் பேச்சுக்குரல் கேட்டது. பிறகு போய்விட்டார்.

ஜனவரியில் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறேன். ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம்.

9 செப்டம்பர், திங்கள்

இன்பவல்லி வங்கிக்குக் கிளம்பிக்கொண்டே, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அந்தம்மா அடுக்களையில நின்னு அழுதுச்சு. தெரியுமா?"

"தெரியாது."

"போன வருஷம் ஆகஸ்டுல, அவருக்கு வாதம் வந்த அன்னிக்குக் காலையில ரெண்டு பேருக்கும் சண்டை. வேலை நடக்கிற இடத்துல எல்லார் முன்னாடியும் அவர் இந்தம்மாவைத் திட்டியிருக்காரு. இதுவும் கோவத்துல, இனிமே எங்கிட்ட பேசவே பேசாதீகன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்திருச்சு. மத்தியானம் சாரத்துலேருந்து எறக்கித் தூக்கிட்டு வந்திருக்காங்க. அதுக்கப்புறம் அவர் பேசல. சாகுற வரைக்கும் பேசல. டாக்டர் நரம்பு போச்சுன்னாரு, இதுவும் அப்படித்தான்னு மனசைத் தேத்திக்கிட்டு இருந்திருக்கு. இப்ப நீங்க சொல்றீங்க, பேசினாருன்னு. ஊர் பேர் தெரியாத உங்ககிட்ட. பத்து நிமிஷத்துல பதினாலு வார்த்தை."

நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். மாற்றிப் போட்டிருந்தேன்.

"வேணும்னே எங்கூட மட்டும் பேசாம இருந்துட்டாகளோன்னு கேக்குது. நான் என்ன சொல்ல?"

பிறகு வாசலில் நின்று, திரும்பாமலேயே: "ஜனவரியில நீங்க அவரைப் பாக்கப் போன அன்னிக்கு நான் அரை நாள் லீவு போட்டுட்டு ரெண்டு மணிக்கு வந்தேன். நீங்க கட்டில்ல குறட்டை விட்டுட்டு இருந்தீங்க. பன்னெண்டு மணியிலேருந்து மேலநெடுங்கரையில ரெண்டு மணி நேரம் பேசிட்டிருந்தேன்னு சொன்ன மனுஷன்!"

பத்து நிமிடம்தான். எழுதிவிட்டேன். பத்து.

10 செப்டம்பர், செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. இன்று போக முடியவில்லை.

11 செப்டம்பர், புதன்

பல் டாக்டர். நாளை போகலாம்.

14 செப்டம்பர், சனி

கிளம்பிவிட்டேன். சிவகங்கை வரை போனேன். மேலநெடுங்கரை டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. எதிர்க்கடையில் வெங்காய போண்டா சூடாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தின்றேன். பஸ் போயிற்று. அடுத்த பஸ் வருவதற்குள் இன்னும் இரண்டு. அதுவும் போயிற்று. மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்து, "வர்றீங்களா இல்லையா?" என்று கேட்டார். மதுரை பஸ்ஸுக்கு நிற்பதாகச் சொன்னேன். அந்தப் பையனிடம் பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம்? அதை உண்மையாக்குவதற்காக மதுரை பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன்.

இருபது வருடமாக என்னையே கேலி செய்து எழுதிப் பிழைக்கிறேன். எழுதியதெல்லாம் என் தொந்தி, என் வழுக்கை, என் மறதி. இதை ஒரு தடவைகூட எழுதியதில்லை. தொந்தியை எழுதினால் ஆட்கள் சிரித்துவிட்டு நல்ல மனுஷன் என்கிறார்கள்.

17 செப்டம்பர், செவ்வாய்

இன்பவல்லி பேசவில்லை. கோபமா என்று கேட்டேன். "இல்ல. பேசாம இருந்தா எப்படி இருக்குன்னு பாக்குறேன்" என்றாள்.

21 செப்டம்பர், சனி

போனேன். சொல்லிவிட்டேன்.

நினைத்துப் போனது: வீட்டில் தனியாக இருப்பார், மெதுவாக ஆரம்பிக்கலாம். நடந்தது: வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில், தெற்குத் தெருவில் கான்கிரீட் போடுகிறார்கள், அங்கே போங்கள் என்றார்கள். போனால் மிக்சர் மெஷின் ஓடுகிறது. முப்பது ஆட்கள். வரிசையாக நின்று சட்டி மாற்றுகிறார்கள். வரிசையின் நடுவில் மீனாள், தலையில் சும்மாடு. என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு இரண்டடி விலகி வந்தார்.

"என்ன சார்?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"கேக்கல சார், சத்தமாச் சொல்லுங்க."

"அன்னிக்கு நான் சொன்னது..."

"என்னது?"

தொண்டை கிழியக் கத்தினேன். "நான் பொய் சொன்னேம்மா!" சரியாக அந்த நொடியில் மெஷினை நிறுத்தினார்கள். தெற்குத் தெரு முழுக்க என் குரல் போயிற்று. மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ, "யாருடா அது, கட்சிக்காரரா?" என்று கேட்டார்கள். சிரித்தார்கள். பத்தியாக எழுதியிருந்தால் நானும் அந்த இடத்தில் அதைத்தான் வைத்திருப்பேன்.

மீனாள் சிரிக்கவில்லை. "எது பொய்?"

"பேப்பர்ல வந்தது. பதினாலும். நானா எழுதினது."

"எங்க வீட்ல வச்சு... உங்க வீட்ல வச்சுச் சொன்னது? குழறிப் பேசுனாகன்னு?"

"அதுவும்."

"அப்பப் பேசல."

"ஒரு வார்த்தைகூடப் பேசலம்மா."

சட்டியைக் கீழே வைத்தார். மணல் குவியலில் உட்கார்ந்தார். சும்மாட்டுத் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா என்று தெரியவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துணிக்குள்ளிருந்தே கேட்டார். "வந்தும் பேசாம இல்லைல்ல? வரலைதானே?"

"வரலம்மா. வாயெடுத்துப் பாத்தாரு. வரல."

"வாயெடுத்துப் பாத்தாகளா."

"பாத்தாரு."

இதற்குள் மேஸ்திரி, "என்ன மீனா, உறவுக்காரரா?" என்று குரல் கொடுத்தார். மீனாள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. இருக்க வேண்டிய காரணமும் இல்லை.

"போங்க சார். கலவை இறுகிரும்."

வந்துவிட்டேன். ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். ஜனவரியில் போன அன்றைக்கு வாசலிலேயே அவர் சொன்னார்: "பேச்சு வராது சார், ஆனா எல்லாம் வெளங்கும். செத்த பக்கத்துல உக்காந்திருங்க, குடிக்கக் கலர் வாங்கியாந்திர்றேன்." உட்கார்ந்தேன். உடையப்பனுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி என்றால் கொத்தனார் பிடி. வாயை அசைத்தார், எச்சில் வழிந்தது, சத்தம் வந்தது, சொல் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அருவருப்பாக இருந்தது என்றும் எழுதத்தான் வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவரிடம் சொல்லிவிட்டு அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஐந்தையும். எழுந்து வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். அந்தக் கையை மேலே தூக்கி, தலைக்கு மேல் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். மறுபடி போட்டார். வளைவைப் பற்றிக் கேட்க வந்தவன் என்று புரிந்துகொண்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடையைக் கட்டினேன். பஸ் வர நாற்பது நிமிடம் இருந்தது.

23 செப்டம்பர், திங்கள்

பேராசிரியர் வீடு. ஐந்நூறு பிரதிகளும் கூடத்தில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"மாமியார்புருவத்தை வச்சு முன்னுரையில ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்யா."

"படிச்சேன் சார்."

"மக்களோட கவி மனம்னு எழுதியிருக்கேன்."

"ஆமா சார்."

"அந்தக் கவி மனம் உன்னோடதா?"

"ஆமா சார்."

"த்தூ."

நியாயமான விமர்சனம். எனக்கு இதுவரை வந்ததில் சுருக்கமானதும்கூட.

கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தினார். "இது யாருக்குத் தெரியும்?" கிழவர் அச்சகத்துக்கும் மண்டபத்துக்கும் அழைப்பிதழுக்கும் ஆறு மாதமாக அலைந்தவர். அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியில்தான் நான் ஜனவரியிலிருந்து குடியிருக்கிறேன்.

"உடையப்பன் சம்சாரத்துக்குத் தெரியும் சார்."

நிமிர்ந்து பார்த்தார். "ஐந்நூறு காப்பி" என்றார். "அறுபத்தோராம் பக்கம், பதினாலும் அதுலதான். நீயே சீட்டு ஒட்டுற."

28 செப்டம்பர், சனி

ஒட்டுகிறேன். மூன்று நாளாக. சீட்டுக்குப் பேராசிரியர் முதலில் எழுதிய வாசகம்: 'இப்பக்கத்தில் அமரர் உடையப்பன் சொன்னதாக அச்சாகியுள்ள பதினான்கு சொற்களும் அவர் சொன்னவை அல்ல. திரட்டியவரான திருமேனி தாமே புனைந்தவை. உடையப்பன் குடும்பத்தாரிடமும் வாசகரிடமும் மன்னிப்புக் கோருகிறோம்.' கடைசிச் சொல்லை 'கோருகிறேன்' என்று மாற்றச் சொன்னேன். "ஆமா, அதுல நான் எதுக்கு?" என்று பேராசிரியர் மாற்றி அச்சுக்குக் கொடுத்தார். முன்னுரையின் இரண்டு பக்கத்தை அவரே கத்தரிக்கோல் வைத்து வெட்டுகிறார். ஒவ்வொரு வெட்டுக்கும் என்னைப் பார்க்கிறார்.

சீட்டைப் பசை தடவி மாமியார்புருவத்தின் மேல் வைத்து அழுத்த வேண்டும். சுருக்கம் விழக் கூடாது. நேராக ஒட்டுவதும் ஒரு வித்தைதான். எனக்கு வரவில்லை, எல்லாம் கொஞ்சம் சாய்ந்தே உட்காருகின்றன.

சாயங்காலம் இன்பவல்லி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நூறு பிரதி ஒட்டிக் கொடுத்தாள். அவள் ஒட்டியதெல்லாம் நேராக இருந்தன. போகும்போது, "பசையைக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க" என்றாள். பதினோரு நாளுக்குப் பிறகு முதல் முழு வாக்கியம்.

30 செப்டம்பர், திங்கள்

வாரப் பத்திரிகை ஆசிரியருக்கு விஷயம் போய்விட்டது. "இதையே ஒரு பத்தியா எழுதிக் குடுங்களேன் சார், பிரமாதமா இருக்கும்" என்கிறார். முடியாது என்றேன். இருபது வருடத்தில் அவரிடம் முதல் முறை.

எதிர்வீட்டு டாக்டர் கைகொடுக்கவில்லை. காலைநடையில் தெருவின் அந்தப் பக்கமாகப் போனார்.

3 அக்டோபர், வியாழன்

மீனாள் போன்.

"சார், அந்தப் பொஸ்தகத்துல அவுக பேரை எடுத்திட்டீகளா?"

"சொற்களை மறைச்சாச்சும்மா. அவர் பேர்ல இப்ப ஒண்ணும் இல்ல."

போனுக்குப் பின்னால் ஏதோ குழந்தை அழுதது.

"ஒண்ணும் இல்லாமயா? முப்பது வருசம் கட்டுனாக சார்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அவுக சொன்னது எனக்குத் தெரியும்ல. மேல நின்னுக்கிட்டு அவுக கத்துவாக, கீழ நின்னு நான்தானே கேட்டேன். என்னை யாரும் கேக்கலையே. நீங்களும் கொத்தனாரு எங்கன்னுதானே கேட்டீக."

ஆமாம். அன்றைக்கு வாசலில் நின்ற இந்த அம்மாளிடம் நான் கேட்டது அது ஒன்றுதான்.

"ஆயுத பூசையன்னிக்கு வாங்க. நோட்டு இங்கதான் இருக்கு. அவுக பேச்சை நானே சொல்லுவேன். எழுதிக்கங்க." பிறகு, "இந்தத் தடவை கலர் குடிக்காமப் போகக் கூடாது" என்றார். அது கேலியா, கட்டளையா? எழுத்துக்காரனுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை.

7 அக்டோபர், திங்கள், ஆயுத பூஜை

டைரி மதுரையில் இருக்கிறது. இதை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

சுவரோரம் பலகை போட்டுக் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றுக்கும் மீனாள் சந்தனம் வைத்திருக்கிறார். பொரி, கடலை, அவல். பலகையின் ஒரு ஓரத்தில் ஒரு சாந்துச்சட்டியும் இருக்கிறது. அதற்கும் பொட்டு.

வந்து உட்கார்ந்ததும் நோட்டைத் திறப்பதற்கு முன்னால் மணிக்கட்டு விஷயத்தைச் சொன்னேன். விரல் ஐந்தையும் பிரித்ததை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், செருப்பைப் பார்க்கவில்லை. செருப்பு வாசலில் கிடந்தது என்பது ஒரு வசதி.

அவர் அவலைக் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டே இருந்தார்.

"போகும்போது திரும்பிப் பாத்தேம்மா. கையைத் தூக்கி இப்படி ஒரு வளைவு போட்டுக் காட்டினாரு. ரெண்டு தடவை. நான் வளைவு பத்திக் கேட்டதுக்குத்தான்னு நினைச்சேன்."

கை நின்றது. "எப்படி? இன்னொரு தடவை காமிங்க."

காட்டினேன். இடது கை, காதோரத்திலிருந்து தலைக்கு மேலே போய், மறுபக்கம் இறங்கி.

"எறக்கிட்டு, இப்படி விரலை மடக்குனாகளா?"

மடக்கினார். அப்போதுதான் நினைவு வந்தது. "ஆமா."

மீனாள் அவல் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வளைவு ரெண்டு பக்கமும் ஏறி வந்து, நடுவுல ஒத்தைக் கல்லுக்கு எடம் இருக்கும் சார். அந்தக் கல்லை வச்சு மூடிட்டாத்தான் வளைவு நிக்கும். மத்த கல்லை எவ குடுத்தாலும் வாங்குவாக. அந்தக் கடைசிக் கல்லுக்கு மட்டும் நான்தான் சாரத்துல ஏறணும். வேற கையால வாங்க மாட்டாக. கீழ ஒரே எரைச்சலா இருக்குமா, கூப்புட்டா காது கேக்காது. அப்ப இப்படித்தான் காமிப்பாக."

திரும்ப ஒரு தடவை தன் தலைக்கு மேலே அந்த வளைவைப் போட்டுப் பார்த்துக்கொண்டார். மெதுவாக.

"என்னையத்தான் தேடியிருக்காக."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நான் கடைக்குப் போய்க் கலர் வாங்கியாறேன். வந்து சொல்றேன், எழுதலாம். எந்திரிச்சுப் போயிராதீக."

போயிருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடை தெரிகிறது. நூறடி இருக்குமா? இவ்வளவு பக்கத்திலா அந்தக் கடை இருந்தது? ஆயுத பூஜைக் கூட்டம் நிற்கிறது, நேரமாகும் போலிருக்கிறது. உடையப்பன் படுத்திருந்த கட்டில் காலியாக இருக்கிறது. அன்றைக்கு உட்கார்ந்த அதே நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மதுரை பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். தலைப்பு, அடிக்கோடு, அதன் கீழே ஜனவரியில் போட்ட எண் 1, புள்ளி. பேனா கையில்தான் இருக்கிறது. ஒன்றும் எழுதவில்லை.

அவர் வரட்டும்.